தேரியில் முதல் வீடு

அன்றைக்குக் காலையில் என் வீட்டு வாசல்கதவு திறக்கவில்லை.

தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் தள்ளினேன். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்த இடுக்கு வழியாகச் செம்மணல் சரசரவென்று உள்ளே வழிந்து என் கால்விரல்களை மூடியது. ஆடிக் காற்று இரண்டு நாளாக விடாமல் அடித்ததில், தேரி, அதாவது எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு, பாதிக் கதவு உயரத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பின்வாசல் வைத்தால் பாம்பு வரும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். மற்ற வீட்டுக் கதவுகள் உள்பக்கம் திறக்கும். என்னுடையது வெளிப்பக்கம் திறக்கும். கப்பலில் தளத்துக் கதவுகள் அப்படித்தான் இருக்கும் என்று ஆசாரியிடம் அரை மணி நேரம் வாதாடி அப்படிச் செய்ய வைத்திருந்தேன். மேற்கே பார்த்த வாசல் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தேரியில் சூரியன் இறங்குவதை நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டும் என்று அதையும் வைத்தேன். இப்படி மூன்று விதத்தில் என் புத்தியைக் காட்டியிருந்ததால், வெளியே போக அடுக்களை ஜன்னல் ஒன்றுதான் மிச்சம். அதற்கு மட்டும் இன்னும் கம்பி போடவில்லை.

தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு போகவில்லை.

என் மனைவி பிளாரன்ஸ் அடுப்பில் இருந்த பாலை என் கால் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான்.

இந்தத் தொடரின் முந்தைய கட்டுரைகளில் நான் பார்த்த கடல்களைப் பற்றியெல்லாம் பெருமையாக எழுதிவந்தேன். அந்தக் கடல்களைக் கடந்த ஆள் முன்பாதி வெளியிலும் பின்பாதி அடுக்களையிலுமாகக் கிடந்தபோதுதான், ஆடுகளை ஓட்டிக்கொண்டு பேச்சி வந்தாள். தேரி ஓரத்தில் விடிலி என்கிற பனையோலைக் குடிசை போட்டு ஆடு வளர்ப்பவள். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். ஆடுகள் நின்றன. அவளும் நின்றாள்.

"அண்ணாச்சி, உள்ள போறியளா, வெளிய வாரியளா?"

"காத்து வாங்குதேன்" என்றேன்.

அது தினமும் நடக்கிற விஷயம் என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு கம்பைக் கீழே போட்டுவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே போட்டாள். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. மரியாதை போனது அதற்கும் முன்னால்.

அன்னப்பறவை போட்ட நோட்டீஸ்

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் மோட்டார்மேனாக இருந்தேன். அதாவது, கப்பலின் அடிவயிற்றில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறவன். கடலைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் மேல்தளத்தில் இருப்பார்கள். எனக்குக் கடல் என்பது தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒரு சத்தம்.

ஒருமுறை கனடாவில் பட்டாணி ஏற்றக் கப்பல் நின்றது. அதே பட்டாணிதான் பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி நம் தட்டுக்கு வரும். ஏற்றுமதிக் கணக்குப் பார்க்க வந்த கிழவர் ஒருவர் மழைக்கு எங்கள் சாப்பாட்டு அறையில் ஒதுங்கினார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தன் முப்பாட்டனார் கதையைச் சொன்னார். நாலா பக்கமும் புல்லைத் தவிர ஒன்றும் இல்லாத வெளியில், ஒரு மாட்டுவண்டியோடு வந்து இறங்கிய குடும்பமாம். மரம் கிடையாது, கல் கிடையாது. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் இரண்டு நாள் ஒழுகும். கூரையிலிருந்து சில நேரம் பாம்பு விழும். பனிப்புயல் வந்தால் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். கையை விட்டவர்களைப் பனி உருகிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தையும் எடுத்துக் காட்டினார். மண்வீட்டுக்கு முன்னால் முப்பாட்டனார் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காற்றின் சத்தத்திலேயே புத்தி பேதலித்துப்போன பெண்கள் அங்கே நிறைய உண்டு என்றும் கிழவர் சொன்னார்.

சொன்னதில் பாதியை நான் காதில் வாங்கவில்லை. அப்போது அந்த நிமிர்ந்த நெஞ்சு மட்டும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. யாரும் இல்லாத இடத்தில் முதல் வீடு கட்டியவன்.

முதுகுவலியோடு கப்பலை விட்டு இறங்கி எங்கள் ஊரான புன்னைக்காயலுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பம். சுவருக்குச் சுவர் ஒட்டிய தெரு. மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள். வீடு முழுக்கப் பேச்சுச் சத்தம். எனக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் அந்த நோட்டீஸ் கையில் கிடைத்தது.

காயல்பட்டினத்துக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் புது நகர். நோட்டீஸில் அறுபது அடிச் சாலை, நீரூற்று, சிறுவர் பூங்கா. நடுவில் ஒரு குளம், குளத்தில் ஓர் அன்னப்பறவை. இடத்தைப் பார்க்கப் போனது கார்த்திகை மழை முடிந்த சமயம். செம்மணல்மேல் பச்சைப் புல் இடுப்புயரத்துக்கு நின்றது. பார்த்த மாத்திரத்தில் கிழவரின் படம் கண்ணுக்குள் வந்துவிட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு மனைக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

பிளாரன்ஸ் முதன்முதலில் பார்த்தது பங்குனியில். புல் எல்லாம் காய்ந்து பறந்து, தரை முழுக்கச் செங்கல்பொடி கொட்டியதுபோல் இருந்தது.

"அன்னப்பறவ எங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை.

காலியான நிலம்

மற்ற மனைகளை வாங்கியவர்கள் எல்லாம் விலை ஏறட்டும் என்று கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீடு கட்டி முடித்து ஆவணியில் குடியிருக்க வந்த முதல் மடையன் நான்தான்.

மின்சாரத்துக்கு நாலு மாதம் ஆனது. ஆழ்துளை போட்டதில் வந்த தண்ணீரை வாயில் வைத்தால் கருவாட்டை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. குடிதண்ணீருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டியில் குடம் கட்டிக்கொண்டு போக வேண்டும். தொட்டி வைத்த முதல் வாரத்தில் மயில்கள் வந்து அதில் குளித்தன. தோட்டம் போட்டேன், வெண்டைச் செடி விரல் நீளம் வளர்ந்ததும் காட்டுப்பன்றி வந்து பார்வையிட்டுவிட்டுப் போனது. காற்று நாளில் சோற்றை மென்றால் பல்லில் மணல் நறநறக்கும். கைபேசியில் சிக்னல் பிடிக்க மனையை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒருநாள் கிடைத்தது. மகள் "அப்பா, அந்த இடம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "ரொம்ப அமைதி" என்றேன். அதுமட்டும் பொய்யில்லை.

இதற்கிடையில் நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். ஜேசிபி கொண்டுவந்து, வீட்டுக்கு மேற்கே இருந்த உடை என்கிற முள்மரங்களையும் பனங்கன்றுகளையும் வழித்துத் தள்ளினேன். சூரியனை மறைத்தன. பேச்சி ஆடுகளோடு நின்று பார்த்தாள்.

"அத எடுத்தா மண்ணு ஒங்க வீட்டுக்கு வந்துருமே அண்ணாச்சி."

நான் சிரித்தேன். மண் நடந்தா வரும் என்று கேட்டேன். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஆடிவரை காத்திருந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பாள்.

அடுத்தது வேலி. வீட்டுக்குப் பின்னால், கிழக்கே இருந்த என் இரண்டாவது மனையின் இருபுறமும் அடர்ந்த உடைமுள். நடுவே ஆட்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம். பேச்சியின் ஆடுகள் தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போவது அந்த வழியில்தான். என் மனையில் யார் நடப்பது என்று கல்தூண் நட்டு ஐந்து வரிசை முள்கம்பி இழுத்தேன். தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிவந்து மேற்பார்வை பார்ப்பேன். அந்தத் தடத்தில் பேச்சியின் மாமியாரும் அவளுக்கு முந்தியவர்களும் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. காலியான நிலத்துக்கு வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வீடு

அடுத்த சித்திரையில் இரண்டாவது வீட்டுக்கு ஆள் வந்தது. காயல்பட்டினத்து சுலைஹா. அவர்கள் ஊரில் பெண்மக்களுக்கு ஆளுக்கொரு வீடு கொடுப்பார்கள். சுலைஹா ஐந்தாவது பெண். நாலாவதோடு தெருவில் இடம் தீர்ந்துபோனதால், வாப்பா அவளுக்குத் தேரியில் வாங்கிக் கொடுத்தார். கணவர் வளைகுடாவில் வேலை. வயதான உம்மாவோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

அவள் வீடு கட்டத் தொடங்கியபோதே, முதல் குடியேறி என்ற முறையில் போய் ஆலோசனை சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாகச் செய்தாள். தன் மனையில் ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. வாசலைக் கிழக்கே வைத்தாள். மொட்டை மாடிக்குப் படி கட்டினாள். அந்த மாடியில்தான் சிக்னல் முழுசாகக் கிடைத்தது.

அவளும் பிளாரன்ஸும் சேர்ந்துகொண்டார்கள். சுலைஹா பிளாரன்ஸை அக்கா முறையில் லாத்தா என்றும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றும்தான் கூப்பிடுவாள். சாயங்காலம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிற சத்தமே கேட்காது. தேரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பிளாரன்ஸின் முகத்தைக் கீழே இருந்து பார்ப்பேன். அந்தப் படத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள். காற்றில் புத்தி பேதலித்தவர்களின் கதையும் கூடவே வரும். இவளை இந்த மண்ணில் கொண்டுவந்து சாகடிக்கிறேனே என்று நெஞ்சு அடைக்கும். ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. வெளியே நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

சுருட்டை

ஜன்னலிலிருந்து என்னை இழுத்துப்போட்ட பேச்சி, சட்டியும் மண்வெட்டியும் கொண்டுவந்து மணலை வாரத் தொடங்கினாள். நானும் வாரினேன். ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தது. பிளாரன்ஸ் வெளியே வந்து, காற்றில் உருண்டுபோய்த் தொட்டிப் பக்கம் கிடந்த குடத்தை எடுக்கக் குனிந்தாள்.

ரம்பத்தால் மரத்தை அறுப்பதுபோல் ஒரு உரசல் கேட்டது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தாள். வலது கைச் சுண்டுவிரலில் இரண்டு புள்ளி ரத்தம்.

பேச்சி குடத்தைக் கம்பால் புரட்டினாள். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு பாம்பு. மணல் நிறம். சுருண்டு சுருண்டு உடம்போடு உடம்பை உரசிக்கொண்டிருந்தது.

"சுருட்ட" என்றாள். "மைனி, உக்காருங்க. நடக்காதிய."

கப்பலில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன் நான். சான்றிதழ்கூட உண்டு. துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுகக் கட்டப் போனேன். அதற்குள், மாடியிலிருந்து பார்த்துவிட்ட சுலைஹா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"கட்டக் கூடாது காக்கா. கையை அசைக்காம வச்சாப் போதும். நான் போன் போட்டுட்டேன், வண்டி வருது."

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. அறுபது அடிச் சாலை முழுக்க மணல் மேடு. நான் என் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். பத்தடியில் சக்கரம் அச்சுவரை புதைந்தது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக வண்டி தனக்கே குழி தோண்டிக்கொண்டது. மணலில் நடந்தே சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். ஆட்டுத் தடத்தில் போனால் பத்து நிமிஷம். ஆட்டுத் தடத்தில் என் வேலி.

கம்பி வெட்டும் கொறடைத் தேடி வீட்டுக்குள் ஓடினேன். ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தேன். எந்தெந்த நாட்டிலோ வாங்கிய ஸ்பேனர்கள் எல்லாம் இருந்தன, கொறடு இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் கட்டிய வேலிக்கு இந்தப் பக்கம் நான் கட்டிக்கொண்டவள் சாகப்போகிறாள் என்று தோன்றியது.

வெறுங்கையோடு வெளியே வந்தால், பேச்சி மூன்றாவது தூணின் பக்கம் நின்றிருந்தாள். ஐந்து வரிசைக் கம்பியையும் கொக்கியிலிருந்து கழற்றுவதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றி, மொத்த வேலியையும் படலை ஒதுக்குவதுபோல் ஒரு பக்கமாக மடக்கினாள். நான் வாயைப் பிளந்தேன்.

"கெட்டுன வாரத்துலயே கழத்திட்டேன் அண்ணாச்சி. ஆசையா கெட்டிருக்கிய, மனசு சங்கடப்படும்னு போம்போதும் வரும்போதும் திரும்ப மாட்டி வச்சிருவேன்."

தினமும் காலையில் நான் மேற்பார்வை பார்த்த வேலி அது.

பிளாரன்ஸைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் பேச்சியும் தூக்கினோம். இருபது அடி போவதற்குள் என் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சுலைஹா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தை வாங்கிக்கொண்டாள். மணல் புதையும் இடங்களில் பேச்சி எப்போதோ பனையோலை பரப்பியிருந்தாள். அதன்மேல் இரண்டு பெண்களும் அவளைச் சுமந்துகொண்டு விறுவிறுவென்று போனார்கள். பிளாரன்ஸ் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். விரலிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்து, மடியில் வைத்த துண்டு நனைந்துகொண்டே வந்தது.

பின்னால் நான் கோணலாக நடந்து போனேன். என்னால் சுமக்க முடிந்தது அவளுடைய செருப்பும் ஆதார் அட்டையும்.

ஆறாம் நாள்

அரசு ஆஸ்பத்திரியில் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ரத்தம் உறைகிறதா என்று குப்பியில் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் உறையவில்லை. பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. கை முழங்கைவரை வீங்கிக் கறுத்தது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லாமல், பொறுத்திருங்கள் என்று மட்டும் சொன்னார். சுலைஹா தினமும் வந்து உட்கார்ந்தாள். பேச்சி ஒருநாள் ஆட்டுப்பால் கொண்டுவந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களிடமும் முறையிட்டேன். வீட்டை விற்றுவிடுகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ரத்தம் உறைந்தது.

ஆறாம் நாள், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் காரோடு வந்தார்கள். தங்கச்சியைப் புன்னைக்காயலுக்குக் கூட்டிப்போக முடிவு செய்துதான் வந்திருந்தார்கள். என்னை அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நானே முந்திக்கொண்டு, கட்டிலோரம் நின்று நீளமாகப் பேசினேன். தப்பெல்லாம் என்னுடையது. என் கிறுக்குக்காக அவளை அந்தக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து பேசவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே வீம்பாக இருந்தேன். நாளைக்கே விற்றுவிடுகிறேன். அண்ணன்மார் தரையைப் பார்த்தார்கள்.

பிளாரன்ஸ் தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருங்க. ஒங்கள யாரு விக்கச் சொன்னா?"

நான் விழித்தேன்.

"பதினெட்டு வருசம் நீங்க கப்பல்ல இருந்திய. நான் ஒங்க வீட்டுல இருந்தேன். ஒரு தம்ளர் காப்பிய தனியா ஒக்காந்து குடிச்சதில்ல. பேசாம இருந்தா என்ன கோவம்பாக. சிரிச்சா என்ன விசேசம்பாக. இங்க வந்துதான் வாய மூடிட்டு இருக்க ஒரு எடம் கெடச்சுது. அத நீங்களா ஒண்ணு நெனச்சிக்கிட்டு மொகத்தத் தூக்கி வச்சிருந்தா நான் என்ன செய்யுதது?"

பெரிய அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வீங்கிய கையைக் கொஞ்சம் உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப எம்மேல கோவம் இல்லியா?" என்றேன்.

"கோவம் இருக்கு. அது வேற."

காரில் அவளைப் புன்னைக்காயலுக்கு அழைத்துப்போக வந்தவர்கள், தேரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தார்ச்சாலையில் இறங்கிக்கொண்டோம். நாற்காலி வேண்டாம் என்றாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பனையோலை பரப்பிய தடத்தில் மெதுவாக முன்னால் நடந்தாள். பையையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். காற்று அடங்கியிருந்தது. உடைமரத்தில் மஞ்சள் பூ விட்டிருந்தது.

வீடு போய்ச் சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவளை எதுவும் கேட்கவில்லை.